‘அவ்வளவுதான் சார்’ என்று நிறுத்தலாமா?

ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலையில் சேத்தூரைக் கடந்து சென்றால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தேவதானம் என்னும் ஊர் இருக்கின்றது. நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த ஊர். அண்மையில் அங்கு ஓர் அன்பரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். தெருவில் நுழைந்ததுமே திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், “யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?” என்று வினவினார். அன்பரின் பெயரைச் சொன்னோம். உடனே அவருடைய தந்தையார் பெயர், அவருடைய வயல் இருக்கும் இடம், அவர் மனைவி பிறந்த ஊர் அனைத்தையும் அம்மூதாட்டி நமக்கே எடுத்துரைத்துவிட்டார்! ஒரு பெயரைச் சொன்னால் ஒரு வரலாறே திறந்துகொள்ளும் இடம் நமது கிராமம்.

அந்த வீட்டின் மூத்த மகள் வணிகவியலில் பட்டம் பெற்றவர். அக்குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பிள்ளை அவர். காப்பி கொடுத்து உபசரித்தாரே தவிர, முகத்தில் தெளிவில்லை. காரணம் கேட்டோம். சில நாள்களுக்கு முன் வெளியூர் நிறுவனம் ஒன்றில் நேர்காணலுக்குச் சென்று திரும்பியிருந்தார். பாடத்திலிருந்து கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடையளித்துவிட்டார். முதற் கேள்விதான் அவரை வீழ்த்திவிட்டது.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள், ஐயா. என் பெயர் சொன்னேன். அப்பா பெயர் சொன்னேன். அப்பா விவசாயம், அம்மா வீட்டில் இருக்கிறார்கள், இரண்டு தம்பிகள் படிக்கிறார்கள், ஊர் ராஜபாளையம் பக்கம் தேவதானம் என்று சொன்னேன். ‘அப்புறம்?’ என்றார்கள். ‘அவ்வளவுதான் சார்’ என்று சொல்லிவிட்டேன்.”

அதற்குப் பிறகு அவ்வறையில் நிலவிய அமைதியைப் பற்றி அவர் கூறும்போது கண்கள் கலங்கின. அவரது படிப்புக்காகக் குடும்பம் வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை என்பதை நாம் அறிவோம்.

உரையாடல் வேறு திசையில் சென்றது. அவருடைய தாயார் ஊரிலுள்ள மகளிர் சுயஉதவிக் குழுவின் உறுப்பினர். அக்குழுவின் கணக்குப் புத்தகங்களை எழுதுபவர் யார் என்று தற்செயலாகக் கேட்டோம். “இவள்தான் மூன்று வருஷமாக எழுதுகிறாள்” என்றார் தாயார். மாதச் சேமிப்பு, உறுப்பினர்களுக்குக் கொடுத்த கடன், வட்டி, தவணை அனைத்தும் அப்பெண்ணின் கையெழுத்தில் இருந்தன. ஒரு முறை உறுப்பினர் ஒருவர் கட்டிய 1,200 ரூபாய்த் தவணை அவருடைய பக்கத்தில் ஏறாமல் விடுபட்டுப் போயிருந்ததாம். அவரிடம் அத்தொகையை மறுபடியும் கேட்கும் நிலை வந்தபோது, பழைய ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பிழையைக் கண்டுபிடித்தவர் இப்பெண்ணே!

“ஏனம்மா, கணக்கு வேலைக்குத்தானே நேர்காணலுக்குப் போனாய்? இதை ஏன் அங்கே சொல்லவில்லை?” என்று கேட்டோம்.

அவர் திகைத்து நம்மைப் பார்த்தார். “அதைப் போய் எப்படிச் சொல்வது ஐயா? தற்பெருமை பேசினது மாதிரி ஆகாதா?”

வாசக அன்பர்களே, இம்மாதம் நாம் எழுதக் கருதியிருந்த பொருள் வேறு. இப்பெண்ணின் வினாவைக் கேட்ட பின்னர் அதை ஒதுக்கி வைத்துவிட்டோம்.

தற்பெருமையும் தன்னை அறிவித்தலும்

நம் வீடுகளில் பிள்ளைகளை அடக்கமாக வளர்க்கின்றோம். பெரியோர் முன் அதிகம் பேசாதே, செய்ததைச் சொல்லிக் காட்டாதே என்று பழக்குகின்றோம். அது நல்ல வளர்ப்பே, அதில் ஐயமில்லை. ஆயினும் அடக்கம் என்று நாம் கற்பித்தது, சில வேளைகளில் பேசவேண்டிய இடத்தில் வாயடைத்து நிற்கும் பழக்கமாக முடிந்துவிடுகின்றது. தாழ்ச்சி என்பது இல்லாததைப் புனைந்து கூறாமை. உள்ளதை ஒளித்து வைத்தல் அன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நாம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லியிருக்கின்றோமா?

நம் முன்னோர் இவ்வேற்றுமையைத் தெளிவாக அறிந்திருந்தனர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் தமிழ் இலக்கண நூல்களுள் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டு வருவது. அதன் தொடக்கத்திலுள்ள பாயிரப் பகுதியில், எத்துணை அரிய நூல்களைச் செய்து முடித்தவனாயினும் ஒருவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று முனிவர் விதிக்கின்றார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. அடுத்தபடியாகவே விதிவிலக்குகளையும் வகுத்துத் தருகின்றார். நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துரைத்தல் தகும் என்கின்றார். அரசனுடைய அவைக்கு ஓலை எழுதி விடுக்கும்போது. தன் ஆற்றலை அறியாதவரிடையே இருக்கும்போது. கற்றோர் அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதில். எதிரி தன்னைப் பழித்துரைத்த வேளையில்.

இந்நான்கனுள் முதலிரண்டையும் சற்றே எண்ணிப் பாருங்கள். அரசனின் அவைக்கு ஓலை விடுத்தல் என்பது இன்று வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவதற்கு ஒப்பானது. ஆற்றலை அறியாதவரிடையே இருத்தல் என்பது நேர்காணல் அறையே அன்றி வேறு யாது? தேவதானத்துத் தெருவில் அப்பெண் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை; ஊரே அவருக்காகச் சாட்சி சொல்லும். நேர்காணல் அறையில் அவரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. அங்கே அவருடைய சாட்சியம் அவரே கூறவேண்டும். அவ்விடத்தில் மௌனம் காப்பது அடக்கமாகாது. கேட்பவர் அறிய விரும்பும் உண்மையை அவருக்கு மறுப்பதாகும்.

விடுபட்ட மூன்று

நன்னூலிலேயே மற்றொரு செய்தியும் உண்டு. ஒரு நூலை உலகுக்கு அறிமுகம் செய்யும் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைக் கூறவேண்டும் என்பது விதி. நூலாசிரியரின் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அது யாக்கப்பட்ட முறை, அது கூறும் பொருள், அதனைக் கேட்பதற்கு உரியோர், கேட்பதால் விளையும் பயன் என்பன அவை.

நம் பெண் அன்று என்ன கூறினார்? பெயரைச் சொன்னார், வந்த வழியாகிய குடும்பத்தைச் சொன்னார், எல்லையாகிய ஊரைச் சொன்னார். பொருளையும், கேட்போரையும், பயனையும் விட்டுவிட்டார். ‘நான் செய்திருப்பது என்ன? என் எதிரே அமர்ந்திருப்பவர்களுக்குத் தேவையானது என்ன? என்னால் அவர்களுக்கு விளையும் பயன் என்ன?’ ஆகிய இம்மூன்றுந்தான் அவ்வறையில் இருந்தோர் அறிய விரும்பியவை.

பெற்றோர் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொன்னது தவறு என்று நாம் கூறவில்லை. ‘நீ யார் வீட்டுப் பிள்ளை, தாயி?’ என்னும் கேள்விக்கு அது செம்மையான விடை. ‘நீ என்ன செய்ய வல்லாய்?’ என்னும் கேள்விக்கு அது விடையாகாது. இரு வேறு கேள்விகளுக்கு ஒரே விடையை அளித்ததுதான் பிழை. ஊரைக் குறித்து நாணவும் வேண்டா. ஊரோடு நின்றுவிடவும் வேண்டா.

ஓர் எழுத்தர் எழுதிய கடிதம்

நம் நாட்டில் எழுதப்பட்ட அறிமுகங்களுள் உலகறிந்த ஒன்று உண்டு. அதை எழுதியவர் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தவர்.

சீனிவாச ராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்தில் மட்டுமே மனம் ஊன்றியிருந்ததால், கல்லூரியில் மற்றப் பாடங்களில் தோற்றுப் பட்டம் பெறாமற் போனார். 1909இல் திருமணம் நடந்தது. வேலை இல்லை; வருமானம் இல்லை. கையில் இருந்தவை கணக்குகள் நிரம்பிய குறிப்பேடுகளே.

1910இல் அக்குறிப்பேடுகளோடு அவர் திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. ராமசுவாமி அய்யர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். அவருடைய அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை கிடைக்குமா என்று கேட்கவே ராமானுஜன் சென்றார். குறிப்பேட்டைப் புரட்டிய அய்யர் வியந்து போனார். இத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் அமர்த்தி வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. வேலைக்கு மாறாகச் சென்னையிலிருந்த கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். ஒருவர் மற்றொருவரிடம் அனுப்ப, நெல்லூரில் ஆட்சியராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவ் வரை அவ்வழி நீண்டது.

ராமச்சந்திர ராவுடன் நிகழ்ந்த சந்திப்பு நம் இளைஞர்கள் பாடமாகக் கொள்ளத் தக்கது. அழுக்கேறிய உடையும் கிழிந்த குறிப்பேடுமாக ராமானுஜன் வந்து நின்றார். அவர் கூறியவற்றை ராவ் அவர்களால் முதலில் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அதனை உணர்ந்துகொண்ட ராமானுஜன், தம்முடைய எளிய முடிவுகளை முதலில் காட்டினார். பின்னர்ப் படிப்படியாக அரியவற்றுக்கு அழைத்துச் சென்றார். கேட்பவர் எந்தப் படியில் நிற்கின்றாரோ அந்தப் படிக்கு இறங்கி வந்து அவரைக் கைப்பிடித்து ஏற்றினார். இறுதியில், ‘உமக்கு என்ன வேண்டும்?’ என்று ராவ் கேட்டபோது, ஆராய்ச்சியைத் தொடரும்படி உயிர் வாழ்வதற்குப் போதுமான சிறு தொகையே வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். அது கிடைத்தது.

பிறருடைய உதவியில் நெடுநாள் வாழ அவர் விரும்பவில்லை. 1912 பிப்ரவரி 9ஆம் நாள் துறைமுகக் கழகத்துக்கு வேலை விண்ணப்பம் எழுதினார். மெட்ரிகுலேஷன் தேறியவர் என்பதையும், மேற்படிப்பு தடைப்பட்டது என்பதையும் மறைக்காமல் கூறி, கணிதத்துக்கே தம் நேரத்தைச் செலவிட்டு வருவதைச் சொல்லி, கொடுக்கும் வேலையைச் செவ்வனே செய்ய முடியும் என்னும் நம்பிக்கையைத் தெரிவித்தார். மார்ச் 1ஆம் நாள் பணியில் சேர்ந்தார்.

1913 ஜனவரி 16ஆம் நாள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதப் பேரறிஞர் ஜி. எச். ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமே நாம் குறிப்பிட்ட அறிமுகம். அதன் தொடக்கத்தை உற்று நோக்குங்கள். தாம் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் பெறும் எழுத்தர் என்று முதலிலேயே கூறிவிடுகின்றார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை அடுத்துக் கூறுகின்றார். ஓய்வு நேரத்தில் கணிதத்தில் உழைத்து வருவதையும், தாமே ஒரு புதுவழி வகுத்துக்கொண்டதையும் தெரிவிக்கின்றார். அதற்குச் சான்றாகத் தேற்றங்கள் நிறைந்த பல தாள்களைக் கடிதத்துடன் இணைக்கின்றார். தாம் ஏழை என்பதைச் சொல்லி, அத்தேற்றங்களில் மதிப்புடையது ஏதேனும் இருப்பின் அவற்றை வெளியிட உதவுமாறும், அறிவுரை வழங்குமாறும் கேட்கின்றார்.

தம் நிலை இன்னது, செய்துள்ள வேலை இன்னது, அதற்குச் சான்று இதோ, கேட்பது இன்னது. இந்நான்கே அக்கடிதத்தின் உடல். குறையை மறைக்கவும் இல்லை. குறைக்காகப் பக்கம் பக்கமாக வருந்தவும் இல்லை. ‘நான் பேரறிஞன்’ என்று ஓரிடத்திலும் பறைசாற்றவில்லை. அதைத் தீர்மானிக்கும் பொறுப்பை இணைத்திருந்த தாள்களிடம் விட்டுவிட்டார். இதற்கு முன் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வேறிரு அறிஞர்களுக்கு எழுதியும் அவருக்கு உதவி கிட்டவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். முதற் கதவு திறக்காததால் அவர் தம்மைப் பயனற்றவர் என்று முடிவு கட்டிக்கொள்ளவில்லை. ஹார்டி பிப்ரவரி மாதமே மறுமொழி எழுதினார். 1914 மார்ச் 17ஆம் நாள் ராமானுஜன் கப்பலேறினார். 1918இல் இங்கிலாந்தின் ராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

நம் பிள்ளைகள் அனைவரும் ராமானுஜன் அல்லர். எனினும் அக்கடிதத்தின் நான்கு உறுப்புகளும் யாவருக்கும் பொதுவானவை.

எவ்வாறு ஆயத்தம் செய்வது?

நேர்காணலுக்குச் செல்லும் பிள்ளைகள் பாடத்தைப் படிக்கின்றனர், சான்றிதழ்களை அடுக்குகின்றனர், சட்டையைத் தேய்த்து வைக்கின்றனர். முதற் கேள்விக்கு மட்டும் ஆயத்தம் செய்வதில்லை. தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாதா என்னும் நினைப்பே காரணம். தெரிவது வேறு, பிறருக்கு விளங்கச் சொல்வது வேறு.

முதலில் ஒரு தாளை எடுத்து, இதுவரை தன் கையால் செய்து முடித்த வேலைகளைப் பிள்ளை எழுதட்டும். ‘கடுமையாக உழைப்பேன், விரைவாகக் கற்பேன்’ என்னும் குணப் பட்டியல் வேண்டா; எவரும் அவ்வாறே சொல்வர். நடந்த வேலையை எழுதவேண்டும். தந்தையின் தேங்காய்க் கணக்கைப் பார்த்ததும் வேலையே. சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் தறிக்கூடத்தில் விடுமுறை நாள்களில் நின்றதும் வேலையே. நோயுற்ற பாட்டிக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்துக் குறித்து வைத்ததும், செவிலியர் பணிக்குச் செல்பவருக்கு வேலையே. இவற்றுள், செல்லும் பணிக்கு நெருக்கமான ஒன்றைத் தேர்ந்துகொள்ளவேண்டும். ஒன்று போதும். பத்தைச் சொன்னால் ஒன்றும் நினைவில் நிற்காது. எத்தனை பேர், எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்று எண் ஒன்றைச் சேர்த்தால் சொல்லுக்கு உடல் கிடைக்கும்.

அடுத்தபடியாக, கேட்போரை அறிந்துகொள்ளவேண்டும். ராஜபாளையத்து நூற்பாலைக்குச் செல்பவர், அந்த ஆலை எத்தகைய நூலை நூற்கின்றது என்பதையேனும் கேட்டறிந்து செல்லலாமே! 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு ராத்தல் எடையாகின்றதோ, அந்த எண்ணையே பருத்தி நூலின் கவுண்ட் என்கின்றனர். எண் கூடக் கூட நூல் மெல்லியதாகும். இச்சிறு செய்தியை அறிந்தவர் ‘உங்கள் ஆலை’ என்று சொல்லும்போது அச்சொல்லுக்குப் பொருள் இருக்கும். கணக்கு வேலைக்குச் செல்பவராயினும் தாம் யாருடைய கணக்கை எழுதப் போகின்றோம் என்பதை அறிந்திருத்தல் நன்று.

பின்னர் எழுதவேண்டும். தமிழில் 80 முதல் 100 சொற்களுக்குள் அமைத்தால், நிதானமாகப் பேச ஒரு நிமிடம் ஆகும். அதற்கு மேற்பட்டால் கேட்பவரின் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்க்கவேண்டும். நாக்கு இடறும் இடத்தில் சொல்லை மாற்றவேண்டும். ஆனால் மனப்பாடம் செய்யலாகாது. மனப்பாடம் செய்தவர் நடுவில் ஒரு சொல்லை மறந்தால் முழுவதையும் இழந்துவிடுவார். சொல்ல வேண்டிய நான்கு செய்திகளின் வரிசை மட்டும் நினைவில் இருக்கட்டும். சொற்கள் அன்றன்று பிறக்கட்டும். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பார்த்தால், நாம் எவ்வளவு விரைந்து பேசுகின்றோம் என்பது நமக்கே புலப்படும்.

ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு. அது வேண்டா. ஆங்கிலத்திலேயே பேசவேண்டிய பணியாயின், சிறு சிறு வாக்கியங்களாக அமைத்துப் பழகலாம். தமிழில் பேசலாம் என்று அனுமதித்தால் தமிழில் தெளிவாகப் பேசலாம். நாட்டின் உயர் பணிகளுக்கான குடிமைப்பணித் தேர்விலேயே, எழுத்துத் தேர்வுக்குரிய 1750 மதிப்பெண்களுக்குப் பின் 275 மதிப்பெண்களுக்கு நடைபெறும் நேர்காணலை இந்திய மொழிகளில் எதிர்கொள்ள வழியுண்டு. அந்நேர்காணல் அறிவுச் சோதனை அன்று, ஆளின் பண்பை அறியும் உரையாடல் என்று தேர்வாணையமே கூறுகின்றது. தமிழக அரசு 2022 மார்ச் 1ஆம் நாள் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வாயிலாகவும் மாணவர்களுக்கு வேலைத் திறன் பயிற்சிகள் அளிக்கப்படுகின்றன. கல்லூரியில் அவ்வாய்ப்பு இருப்பின் பிள்ளைகள் நழுவ விடாதிருக்கட்டும்.

இல்லாததைச் சொல்லற்க. ஒரு மாதம் செய்ததை ஓராண்டு என்று கூட்டிச் சொன்னால், அடுத்த கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்; அதன்பின் உண்மையும் பொய்யாகவே கேட்கும். நெடுநாள் வேலையின்றி இருந்தவர்களும் அதை மறைக்கவேண்டியதில்லை. பிள்ளைகளை வளர்ப்பதற்காகப் பத்தாண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு மீண்டும் பணி தேடும் தாய்மார் நம் வாசகியரிடையே பலர் உளர். ‘பத்தாண்டுகள் பிள்ளைகளுக்காக வீட்டில் இருந்தேன்; இப்போது அவர்கள் பள்ளிக்குச் செல்கின்றனர்; கடந்த ஆறு மாதமாக இன்ன பயிற்சியைப் பெற்று வருகின்றேன்’ என்று ஒரே மூச்சில் சொல்லி, மேலே செல்லலாம். அதில் தலைகுனிவதற்கு ஒன்றும் இல்லை.

திருமண வீட்டிலும் பேருந்திலும்

அறிமுகம் நேர்காணல் அறைக்கு மட்டும் உரியதன்று. திருமண வீட்டில், திருவிழாவில், பேருந்துப் பயணத்தில், நம் பிள்ளை செல்ல விரும்பும் துறையில் பணிபுரியும் ஒருவரைச் சந்திக்க நேரலாம். அங்கே ஒரு நிமிடமும் கிடைக்காது. அரை நிமிடமே கிடைக்கும். பெயர், படிப்பு, செய்துவரும் ஒரு வேலை ஆகியவற்றைச் சொல்லி, ‘இத்துறையில் முன்னேற நான் அடுத்து எதைக் கற்கவேண்டும்?’ என்று கேட்டால் போதும். எடுத்த எடுப்பில் ‘வேலை வாங்கிக் கொடுங்கள்’ என்றால் பெரும்பாலோர் தயங்குவர். அவர் கையில் வேலை இருக்காது. அறிவுரை கேட்டால் எவரும் மகிழ்ந்து கூறுவர். திருக்கோவிலூரில் ராமானுஜனுக்குக் கிடைத்தது வேலை அன்று, அடுத்தவருக்கு ஓர் அறிமுகக் கடிதமே. அவருடைய வழியைத் திறந்தது அதுவே.

திண்ணையில் நடந்த ஒத்திகை

தேவதானத்துக்கு மீண்டும் வருவோம். அன்று மாலை அப்பெண் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். திண்ணையில் தந்தையார், தாயார், தம்பிமார் அனைவரும் அமர்ந்திருந்தோம். ‘எங்களை அறியாதவர்களாக நினைத்துக்கொண்டு பேசு’ என்றோம். சிறிது நாணத்துடன் எழுந்து நின்றார். “பன்னிரண்டு பேரின் கணக்கை எழுதி வருகிறேன்” என்று அவர் சொல்லியபோது, தாயார் குறுக்கிட்டார்: “பன்னிரண்டு இல்லடி, பதினாலு. போன தை மாசம் ரெண்டு பேர் சேர்ந்தாங்கல்ல?”

எல்லாரும் சிரித்தனர். ஆனால் அத்திருத்தம் எத்துணை மதிப்புடையது! ஒத்திகை பார்க்க வீட்டைவிடச் சிறந்த இடம் இல்லை என்பதற்கு அதுவே சான்று. நாம் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் கண்டுகொள்பவர்கள் வீட்டார் அல்லரோ? மூன்று முறை திருத்திய பின்னர் அவருடைய அறிமுகம் இவ்வாறு அமைந்தது. பெயரை மட்டும் விட்டுவிட்டு, அவர் இசைவுடன் இங்கே தருகின்றோம்:

“வணக்கம். ராஜபாளையம் அருகே தேவதானம் எனது ஊர். வணிகவியலில் பட்டம் பெற்றிருக்கிறேன். எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் சேமிப்புக் கணக்கையும் கடன் கணக்கையும் மூன்று ஆண்டுகளாக எழுதி வருகிறேன். இப்போது பதினான்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஒரு முறை, உறுப்பினர் ஒருவர் கட்டிய தவணை அவருடைய பக்கத்தில் ஏறாமல் விடுபட்டதைப் பழைய ரசீதுகளைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அன்று முதல் மாதக் கடைசியில் ரொக்கத்தையும் பேரேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் புத்தகத்தை மூடுவதில்லை. கணினியில் கணக்கு எழுதவும் பயின்றிருக்கிறேன். உங்கள் ஆலையின் கணக்குப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து, வேலையை அடிமுதல் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். அந்தக் கணக்குப் புத்தகத்தின் படிகள் சில கொண்டுவந்திருக்கிறேன். குழுவினரின் அனுமதி பெற்றுப் பெயர்களை மறைத்திருக்கிறேன்.”

இதில் பெருமையடிக்கும் சொல் ஒன்றேனும் உண்டா? நடந்தவற்றை நடந்தவாறே கூறியிருக்கின்றார். கடைசி வாக்கியம் நாம் சொல்லிக் கொடுத்ததன்று, அவரே சேர்த்தது. பிறருடைய கணக்கைக் காக்கத் தெரிந்தவர் என்பதை, பாராட்டுரை பத்தைவிட அந்த ஒரு வாக்கியம் நன்கு உணர்த்துகின்றது.

அவர் பேசி முடித்ததும் தந்தையார் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், “ரசீதைப் பார்த்துக் கண்டுபிடிச்சது நீயா? எனக்கு இவ்வளவு நாளாத் தெரியாதே, தாயி” என்றார்.

பெற்றோர்களே, அந்த ஒரு சொல் நம் அனைவருக்கும் உரியது. நம் பிள்ளைகள் செய்துள்ள நல்ல வேலையை நாமே அறியாதிருந்தால், அவர்கள் அதை அயலாரிடம் எடுத்துரைக்கக் கற்பது எங்ஙனம்? இரவு உணவின்போது, ‘எத்தனை மதிப்பெண்?’ என்பதோடு நின்றுவிடாமல், ‘இன்று நீ செய்த வேலை ஒன்றைச் சொல்’ என்று கேட்போம். பிள்ளை பேசி முடிக்கும் வரை காத்திருந்து கேட்போம். இடையில் மறிக்காமல் செவி கொடுக்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் எந்த அவையிலும் அஞ்சாமல் பேசுவர்.

அடுத்த மாதம் ராஜபாளையத்து ஆலை ஒன்றிலிருந்து அப்பெண்ணுக்கு நேர்காணல் அழைப்பு வந்திருக்கின்றது. முடிவு எவ்வாறு அமையும் என்று நாம் உறுதி கூற இயலாது. இடங்கள் சில, விண்ணப்பிப்பவர் பலர். ஆயினும் ‘அப்புறம்?’ என்று அவர்கள் கேட்கும்போது, இம்முறை அவரிடம் சொல்வதற்கு ஒன்று இருக்கும். அது மூன்று ஆண்டுகளாக அவருடைய கையெழுத்திலேயே இருந்து வருவதும் ஆகும்.